திடீரென்று போய்விட்டது எங்கள் நாய்: வாசகர் கேள்வி - பதில்

வளர்த்த நாயைத் திடீரென்று பறிகொடுத்த வாசகர்களின் கடிதங்களுக்கு, கால்நடை மருத்துவர் ஒருவரும் மனநல ஆலோசகர் ஒருவரும் சேர்ந்து இந்த இதழில் பதில் எழுதுகிறார்கள். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் ஊர் மட்டும் தருகிறோம்.

தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வந்து ஒன்றரை மாதமாக வளர்த்தோம். மூன்று நாளாக எதுவும் சாப்பிடவில்லை. எச்சில் ஒழுக மூலையிலேயே படுத்துக் கிடந்தது. குரல்கூட மாறிவிட்டது. நான்காம் நாள் இறந்துவிட்டது. அதற்குச் சில நாள் முன்பு விளையாடும்போது என் மகன் கையில் பல் பட்டு லேசாக ரத்தம் வந்தது. குட்டிக்கு ஊசி எதுவும் போடவில்லை. அழுவதா, பயப்படுவதா என்றே தெரியவில்லை. (வாசகி, விழுப்புரம்)

உங்களுக்கு அன்றே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே முதலில் வைக்கிறோம். துக்கம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

வெறிநோய் வந்த நாய் நுரை தள்ளிக்கொண்டு எல்லோரையும் துரத்தும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இருட்டு மூலையில் ஒடுங்கி, தாடை தொங்கி, விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக, குரல் மாறி இறந்துபோகிற வகையும் உண்டு. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறதோ என்று வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பல் பட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கடிபட்டுச் சில நாள் ஆகிவிட்டாலும் போங்கள். ரத்தம் வந்த காயம் என்றால் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்னும் ஆயத்த எதிர்ப்பு மருந்தையும் போட வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். தோலுக்குள் போடுகிற முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களிலும், தசையில் போடுகிற முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களிலும் ஊசி (முதல் ஊசி போடும் நாள்தான் 0). கடித்த நாய் 10 நாள் நன்றாக நடமாடினால்தான் மீதி ஊசியை நிறுத்துவது பற்றி டாக்டர் யோசிப்பார். அந்த 10 நாளுக்குள் லாரியில் அடிபட்டுச் செத்திருந்தாலும் ஊசியை முழுவதும் போட்டே தீர வேண்டும். மூளைத் திசுப் பரிசோதனையில் வெறிநோய் இல்லை என்று வந்தால் மட்டும் விலக்கு.

குட்டி நக்கிய, தோல் கிழியாத இடங்களுக்குப் பயம் வேண்டாம். கண், வாய், புண் ஆகியவற்றில் எச்சில் பட்டவர்கள் எல்லோரும் டாக்டரைப் பாருங்கள். இப்படி இறந்த நாயின் உடலை வெறுங்கையால் தொடாதீர்கள். ஒரு தெருக்குட்டியை எடுத்து வளர்த்தது நல்ல காரியம். அதற்காக உங்கள் மகனிடமோ உங்களிடமோ யாரும் கோபப்பட வேண்டியதில்லை.

எங்கள் சீசர், ஜெர்மன் ஷெப்பர்ட், 6 வயது. இரவு 8 மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டான். 9 மணிக்கு மேல் நிலைகொள்ளாமல் அங்கும் இங்கும் நடந்தான். வாந்தி எடுக்க முயன்றான், வெறும் நுரைதான் வந்தது. வயிறு உப்பியிருந்தது. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தேன். விடியற்காலை 4 மணிக்குப் பார்த்தால் உயிர் இல்லை. "ராத்திரியே தூக்கிட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பான்" என்று என் கணவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். தூக்கமே இல்லை. (வாசகி, திருப்பூர்)

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது இரைப்பை முறுக்கம். நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய இனங்களுக்கு, அதாவது ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன், டாபர்மேன் போன்றவற்றுக்கு, அதிகம் வருவது. இரைப்பை வாயுவால் உப்பி, ஈரத்துணியைப் பிழிவதுபோல் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. மேலே உணவுக்குழாயும் கீழே சிறுகுடலும் அடைபட்டுவிடுவதால் உள்ளே இருப்பது எந்தப் பக்கமும் வெளியேற வழியில்லை. அதனால்தான் ஓங்கரித்தும் நுரை மட்டும் வந்தது. உப்பிய இரைப்பை, அடிவயிற்றிலிருந்து இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய நாளத்தை அழுத்துகிறது. இதயத்துக்கு ரத்தம் வரத்துக் குறைந்து, சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

"என்ன செய்திருந்தாலும் பிழைத்திருக்காது" என்று உங்களை ஆறுதல்படுத்த நாங்கள் சொல்லப்போவதில்லை. அது உண்மை இல்லை, நீங்களும் நம்பமாட்டீர்கள். உண்மை இதுதான். முதல் ஓரிரு மணி நேரத்துக்குள், மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறந்து அறுவை செய்யும் வசதியுள்ள இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் பிழைக்க வாய்ப்பு இருந்தது. அறுவை வரை போய்ச் சேர்ந்த நாய்களிலும் பத்தில் ஒன்றிலிருந்து மூன்று வரை இறந்துபோகின்றன. இரவு 10 மணிக்கு அப்படி ஓர் இடம் திறந்திருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இவ்வளவும் உங்களுக்கு இன்று தெரியும். இரவு 9 மணிக்குத் தெரியாது. சாதாரண வாயுவுக்கு வீட்டில் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தீர்கள்.

ஒரு பகல் வேளையில் கணவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் நடுக்கோடு போடுங்கள். இடப்பக்கம் அன்றிரவு மணிவாரியாக என்ன பார்த்தோம், என்ன செய்தோம் என்று எழுதுங்கள். வலப்பக்கம், பிறகு தெரிந்துகொண்டவை. "நுரை மட்டும் வந்தால் ஆபத்து" என்ற செய்தி எந்தப் பக்கம் வருகிறது என்று இருவரும் கண்ணால் பாருங்கள். குற்ற உணர்ச்சி பெரும்பாலும் வலப்பக்கத்தில் இருப்பதை எடுத்து இடப்பக்கத்தில் எழுதிவிடுகிறது. இதை ஒரு தடவை செய்தால் போதும். இரவில் செய்யாதீர்கள். அவர் திரும்பத் திரும்பச் சொல்வதும் அவருடைய துக்கம்தான், அதற்கு வேறு வாசல் அவருக்குத் தெரியவில்லை. "நீங்க சொல்றது எனக்குக் குத்துது. சீசரைப் பத்திப் பேசலாம், அந்த ராத்திரியைப் பத்தி இனிமே வேண்டாம்" என்று நேராகச் சொல்லுங்கள்.

பெரிய நாய் வைத்திருக்கும் மற்றவர்களுக்கு: ஒரே வேளையில் கொட்டி வைக்காமல் இரண்டு, மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள். அவசர அவசரமாக விழுங்குகிற நாய்க்கு, மேடு பள்ளம் உள்ள தட்டு வாங்கலாம். கருத்தடை அறுவையின்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடச் சொல்லலாம். உப்பல் வந்தாலும் அது முறுக்கிக்கொள்வதை அந்தத் தையல் பெரும்பாலும் தடுத்துவிடும். இரவில் எடுக்கும் கால்நடை மருத்துவர் எண் ஒன்று உங்கள் கைபேசியில் இருக்கட்டும். வெறும் ஓங்கரிப்பு, உப்பிய வயிறு, நிலைகொள்ளாமை மூன்றும் சேர்ந்து வந்தால் எந்தக் கைவைத்தியமும் வேண்டாம், வண்டியை எடுங்கள்.

புருனோ, கோல்டன் ரெட்ரீவர், 9 வயது. காலையில் பந்து விளையாடினான். மாலையில் திடீரென்று சரிந்தான். ஈறு வெள்ளைவெளேர் என்று ஆகிவிட்டது. ஆட்டோவில் போகும்போதே போய்விட்டான். "ஹார்ட் அட்டாக்" என்றார்கள். உண்மையா? பிரேதப் பரிசோதனை செய்திருக்க வேண்டுமா? (வாசகர், சென்னை)

மனிதர்களுக்கு வருவதுபோல் இதய ரத்தக்குழாய் அடைத்து மாரடைப்பு வருவது நாய்களில் அபூர்வம். திடீர் இறப்புக்கு வேறு பெயர் கைவசம் இல்லாதபோது அந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். ஈறு வெளுத்துச் சரிந்தது, உள்ளே ரத்தம் கொட்டியிருப்பதற்கான அடையாளம். கோல்டன் ரெட்ரீவர், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் இனங்களில் நடுவயதைத் தாண்டியபின் மண்ணீரலில் ரத்தநாளப் புற்றுக்கட்டி வருவது சகஜம். கட்டி உடைகிற நாள்வரை நாய் சாப்பிடும், ஓடும், வாலாட்டும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமலும் போகும். வயிற்று ஸ்கேனில் கண்டுபிடித்து மண்ணீரலை எடுத்துவிட்டாலும் அறுவை மட்டும் என்றால் பெரும்பாலானவை ஒன்றிலிருந்து மூன்று மாதம்தான் இருக்கின்றன. கீமோவும் சேர்ந்தால் ஆறு மாதம்வரை. இது புருனோவுக்கு நடந்தது என்று பரிசோதனை இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. டாபர்மேன், பாக்ஸர் இனங்களில் இதயத் துடிப்புக் கோளாறும், உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் உறையாமல் போவதும், எலி மருந்தும்கூட இப்படிக் கொண்டுபோய்விடும்.

பிரேதப் பரிசோதனை எல்லோருக்கும் அவசியம் இல்லை. மூன்று நிலைமைகளில் தவறவிடாதீர்கள்: வீட்டில் வேறு நாய் பூனை இருந்தால், விஷம் என்று சந்தேகம் இருந்தால், இறப்பதற்குச் சற்று முன்பு யாரையாவது கடித்திருந்தால். நான்காவதாக ஒன்று சேர்ப்போம்: "ஏன்" என்று தெரியாவிட்டால் உங்களால் தூங்கவே முடியாது என்றால். திடீர் மரணத்தில் ஆளை அரிப்பது இழப்பைவிட இந்தக் கேள்விதான். விடை எவ்வளவு கசப்பாக இருந்தாலும், வீட்டில் ஒருவரை ஒருவர் சந்தேகிப்பதை அது நிறுத்துகிறது.

செய்வதென்றால் நம் ஊர் வெயிலில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. உடல் உள்ளிருந்து அழுகத் தொடங்கினால் உறுப்புகளைப் படிக்க முடியாது. துணியில் சுற்றிய ஐஸ் பொட்டலங்களை வயிறு, நெஞ்சு, தொடைச் சந்துகளில் வைத்து, அன்றே கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்த நீர் திசுக்களின் உயிரணுக்களை உடைத்துவிடும், நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது. 4 டிகிரி குளிர்தான் சரி. சென்னை வேப்பேரியில் இருக்கும், 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் இதற்கான நோய்க்குறியியல் துறை உண்டு. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். தையல் போட்டு உடலைத் திருப்பித் தருவார்களா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கண்ணால் பார்த்துத் தெரிந்ததை அன்றே சொல்லிவிடுவார்கள். திசுப் பரிசோதனை முடிவுக்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

தோட்டத்து வீட்டில் இருந்த எங்கள் மணி நேற்றிரவு துடிதுடித்துச் செத்தது. வாந்தியில் பூண்டு வாடை மாதிரி அடித்தது. யாரோ விஷம் வைத்ததாகச் சந்தேகம். புகார் கொடுக்கலாமா? (வாசகர், பொள்ளாச்சி)

கொடுக்கலாம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 325-ஆம் பிரிவின்படி விலங்கை விஷம் வைத்துக் கொல்வது 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். பூண்டு வாடை, துத்தநாக பாஸ்பைடு என்னும் எலி மருந்தைக் காட்டுகிறது. இரைப்பை அமிலம் பட்டதும் அது பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறுகிறது. அந்த வாயு உங்களுக்கும் ஆபத்து. வாந்தியைக் குனிந்து முகர வேண்டாம், அறையாக இருந்தால் கதவு சன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

நாயைக் குளிப்பாட்டாதீர்கள், புதைத்துவிடாதீர்கள். கிடந்த நிலையில் படம் எடுங்கள். வாந்தியிலும் மிச்சம் கிடக்கும் இரையிலும் கொஞ்சத்தைக் கையுறை போட்டுக்கொண்டு சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து மூடி, தேதியும் நேரமும் எழுதி ஒட்டுங்கள். காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அவர்கள் தரும் கடிதத்தோடு அரசு கால்நடை மருத்துவரிடம் போனால்தான் உள்ளுறுப்புகள் முறைப்படி தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். ஆய்வு முடிவு வரும்வரை யார் பெயரையும் ஊரில் சொல்லாதீர்கள். கேக் வடிவில் வரும் எலி மருந்துகள் வேறு வகை. தின்ற மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் ரத்தக் கசிவு தொடங்கும். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், தின்றது கேக் வகை மருந்து என்றால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற முடியும்.

இறந்த நாயை எப்படிப் புதைப்பது? உப்பு போட வேண்டும் என்கிறார்கள். செத்த பிறகும் என் நாயின் கால் அசைந்தது, கண் மூடவே இல்லை. உயிரோடு புதைத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. (வாசகி, நாகர்கோவில்)

பயம் வேண்டாம். மூச்சு நின்ற பிறகும் சில நிமிடங்கள் தசைகள் துடிக்கும், ஒன்றிரண்டு பெருமூச்சுகூட வரும். சிறுநீர், மலம் வெளியேறும். நாய்களுக்குக் கண் தானாக மூடுவதில்லை. விரலால் இமையை இறக்கிவிட்டாலும் மெல்லத் திறந்துகொள்ளும். நெஞ்சின் இடப்பக்கம், முழங்கை படும் இடத்தில், கைவைத்துத் துடிப்பு இல்லை, கருவிழியைத் துணிநுனியால் தொட்டும் இமை அசையவில்லை, நாய் விறைத்துவிட்டது என்றால் சந்தேகமே இல்லை.

விறைப்பு சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கும். அதற்கு முன்பே கால்களை மடக்கி, சுருண்டு படுக்கும் நிலையில் வைத்துவிடுங்கள். பின்னால் மடக்க வராது. அடியில் பழைய துண்டோ செய்தித்தாளோ விரியுங்கள். பருத்தித் துணியில் சுற்றுங்கள். பாலிதீன் பையில் கட்டினால் காற்றுப் போகாமல் வருடக்கணக்கில் மட்காது. லாப்ரடார் அளவு நாய்க்கு 4 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 4 அடி ஆழம் வேண்டும். உடலுக்கு மேல் குறைந்தது 3 அடி மண் நிற்க வேண்டும். தெருநாய்கள் கிளறுவது ஆழம் குறைந்த குழியைத்தான். மேலே கனமான கற்களை அடுக்குங்கள். கிணறு, ஆழ்துளைக் கிணறு, வாய்க்கால் இவற்றிலிருந்து 150 அடியாவது தள்ளியிருக்கட்டும். மழைக்காலத்தில் தண்ணீர் ஊறும் பள்ளம் வேண்டாம்.

உப்பும் சுண்ணாம்பும் மட்குவதைத் தாமதப்படுத்தும். மனத்துக்கு வேண்டும் என்றால் ஒரு கைப்பிடி போடுங்கள், மூட்டையாகக் கொட்ட வேண்டாம். ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்யப்பட்ட நாய் என்றால் ஆழத்தில் கஞ்சத்தனம் கூடாது. மருந்து உடலில் தங்கியிருக்கும், கிளறித் தின்னும் விலங்கும் சாகும். வாடகை வீடு என்றால் உரிமையாளரைக் கேட்காமல் தோண்டாதீர்கள். எரியூட்ட விரும்பினால் மாநகராட்சியிடம் விசாரியுங்கள். சாம்பல் தனியாக வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லுங்கள், பல இடங்களில் சேர்த்து எரிப்பார்கள். 30 கிலோ நாய்க்குச் சுமார் 1 கிலோ சாம்பல் வரும்.

என் மகளுக்கு 6 வயது. பிளாக்கி இறந்ததை மறைத்து, "தாத்தா ஊர்த் தோட்டத்துக்குப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டோம். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊருக்குப் போகலாம் என்று நச்சரிக்கிறாள். (வாசகி, கோவை)

இந்த வாரமே சொல்லிவிடுங்கள். ஊருக்குப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டால் நாய் போனதோடு உங்கள் சொல்லும் போய்விடும். பள்ளி இல்லாத நாளில், காலை நேரத்தில், வீட்டிலேயே சொல்லுங்கள். தூங்கப் போகும் நேரம் வேண்டாம். சொற்கள் இப்படி இருக்கட்டும்: "பாப்பா, அம்மா உன்கிட்ட ஒண்ணு தப்பா சொல்லிட்டேன். பிளாக்கி ஊருக்குப் போகலை. பிளாக்கி செத்துப் போச்சு. அதோட உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. இனிமே வராது. நீ அழுவியேன்னு சொல்லலை."

"தூங்கிட்டு இருக்கு" என்று சொன்னால் சில குழந்தைகள் படுக்கைக்குப் போகவே பயப்படும். "சாமி கூப்பிட்டுக்கிச்சு" என்றால் அடுத்து யாரைக் கூப்பிடும் என்று யோசிக்கும். நம்பிக்கைப்படி சாமியைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் "செத்துப்போச்சு" என்ற சொல்லுக்குப் பிறகு. இந்த வயதில் குழந்தைகள் கேட்காமலே மனத்துக்குள் வைத்துக்கொள்ளும் ஒரு கேள்வி உண்டு: "நான் அன்னைக்கு வாலைப் பிடிச்சு இழுத்தேனே, அதனாலயா?" அவள் கேட்காவிட்டாலும், "நீ செஞ்ச எதனாலயும் இல்லை" என்று சொல்லிவையுங்கள். பத்து நிமிடம் அழுதுவிட்டு விளையாடப் போய்விடுவாள். இரண்டு நாள் கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்பாள். அதே சொற்களில் பதில் சொல்லுங்கள். உங்களுக்குக் கண்ணீர் வந்தால் மறைக்க வேண்டாம். படம் வரையட்டும், கழுத்துப்பட்டையை வைத்துக்கொள்ளட்டும். படுக்கையில் சிறுநீர் கழிப்பதும் பள்ளிக்கு மறுப்பதும் சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டு நாய்கள் இருந்தன. ஒன்று பாம்பு கடித்து இறந்துவிட்டது. மற்றது சாப்பிடாமல் கேட்டருகிலேயே கிடக்கிறது. (வாசகர், சேலம்)

முதலில் இதற்கும் கடிபடவில்லை என்று உறுதிசெய்யுங்கள். முகம், முன்கால்களில் வீக்கம், இமை தொங்கல், பின்னங்கால் தள்ளாட்டம், சிறுநீரில் ரத்தம் இவற்றில் எது இருந்தாலும் அது துக்கம் இல்லை. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமே இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உடம்பில் ஒன்றும் இல்லை என்றால், துணையைத் தேடுகிறது. 2022-இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், குறைந்தது இரண்டு நாய்கள் வைத்திருந்து ஒன்றை இழந்த 426 பேரில் 86 சதவீதம் பேர் மிஞ்சிய நாயின் நடத்தை மாறியதாகச் சொன்னார்கள். நம்மோடு ஒட்டிக்கொள்வது, விளையாடாமல் இருப்பது, அதிகம் தூங்குவது, குறைவாகச் சாப்பிடுவது எல்லாம் அதில் வரும். சாப்பாட்டு நேரமும் நடை நேரமும் ஒரு நிமிடம்கூட மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உணவை லேசாகச் சூடாக்கி வைத்து, 15 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். சாப்பிடவில்லையே என்று கறியும் பிஸ்கட்டுமாக ஊட்டத் தொடங்கினால், துக்கம் போன பிறகும் அந்தப் பழக்கம் போகாது. போன நாயின் படுக்கையை உடனே துவைக்காதீர்கள், கொஞ்ச நாள் அந்த வாடை இருக்கட்டும். (தொற்றுநோயில் இறந்திருந்தால் இது பொருந்தாது.) தண்ணீரும் குடிக்கவில்லை என்றாலோ 48 மணி நேரம் உணவே தொடவில்லை என்றாலோ மருத்துவரிடம் போங்கள்.

"போயும் போயும் ஒரு நாய்க்கா இப்படி?" என்று மாமியார் வீட்டில் கேட்கிறார்கள். அலுவலகத்தில் சொல்லவே கூச்சம். மாலை 5 மணியானால் அதன் நகச் சத்தம் தரையில் கேட்பது போலிருக்கிறது. எனக்கு ஏதாவது கோளாறா? (வாசகி, மதுரை)

கோளாறு இல்லை. வருடக்கணக்கில் தினமும் 5 மணிக்கு அந்தச் சத்தத்தை எதிர்பார்த்த காது, இன்றும் எதிர்பார்க்கிறது. வாரங்கள் போகப் போகக் குறையும். அந்த நேரத்தில் வீட்டில் உட்காராமல் நடக்கப் போங்கள், வேறு தெருவில்.

"போயும் போயும் நாயா" என்பவர்களுக்குத் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் நிற்கும் நடுகல்லைக் காட்டலாம். மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், 7-ஆம் நூற்றாண்டில் வைத்தது. எருமை மந்தையைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, அவனுடைய நாயும் அதே கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாய்க்காகத் துக்கப்படுவது நேற்று வந்த நாகரிகம் இல்லை.

ஆனாலும் ஒவ்வொருவரிடமும் வாதாடி உங்கள் தெம்பை இழக்காதீர்கள். "எனக்குக் கஷ்டமா இருக்கு அத்தை, கொஞ்ச நாள் ஆகும்" என்று ஒரே வரி போதும். அலுவலகத்தில் காரணம் விளக்காமல் இரண்டு நாள் தற்செயல் விடுப்பு எடுங்கள். தீட்டு உண்டா, மூன்றாம் நாள் பால் ஊற்றலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். விளக்கேற்றுவதும் பால் ஊற்றுவதும் உங்கள் விருப்பம், யாரும் தடுக்க முடியாது. துக்கம் ஐந்து கட்டமாக வரிசையாக வரும் என்று எங்கோ படித்துவிட்டு, "இன்னும் கோபம் வரலையே" என்று காத்திருக்காதீர்கள். 1969-இல் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் அந்தக் கட்டங்களைச் சொன்னது, சாகப்போவது தெரிந்த நோயாளிகளை வைத்து. இழந்தவர்களுக்கு அப்படி வரிசை எதுவும் கிடையாது.

அப்பாவுக்கு 72 வயது. அம்மா இறந்த பிறகு ஜிம்மிதான் துணை. போன மாதம் லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டது. அப்பா நடைக்குப் போவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரு குட்டி வாங்கிக் கொடுத்துவிடலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

இப்போது வேண்டாம். கேட்காமல் கொண்டுவந்து வைத்தால், ஜிம்மியின் இடத்தை நிரப்பியதாக அவருக்குப் படும். 72 வயதில் குட்டியின் பின்னால் ஓடவும் வேண்டும். இடுப்பெலும்பு முறிய ஒரு வழுக்கல் போதும். பின்னால் அவரே கேட்டால், வளர்ந்த, அமைதியான நாயாகப் பாருங்கள்.

அவசரமாகப் பார்க்க வேண்டியது வேறு. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், சாப்பிடாமல் மருந்து மட்டும் போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல் என்று வரும். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். சாப்பாடு குறைந்திருப்பதை அவருடைய டாக்டரிடம் சொல்லி மருந்தளவை மாற்றச் சொல்லுங்கள்.

ஜிம்மி அவரை நாளுக்கு இரண்டு முறை வெளியே இழுத்துப் போனது. டீக்கடைக்காரரும் எதிர்வீட்டுக்காரரும் அவரிடம் பேசியது ஜிம்மியால்தான். அந்த நேரத்தை நிரப்புங்கள். தினமும் அதே மணிக்கு யாராவது ஒருவர் செருப்பைப் போட்டுக்கொண்டு "வாங்கப்பா, டீ குடிச்சிட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள். அவர் அம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சை மாற்றாதீர்கள். இரண்டு துக்கமும் இப்போது சேர்ந்துதான் வரும். சங்கிலியையும் தட்டையும் அவரைக் கேட்காமல் எடுத்துவைக்க வேண்டாம். "நானும் போயிடறேன்" என்கிற மாதிரிப் பேச்சு வந்தாலோ, எடை குறைந்துகொண்டே போனாலோ, மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

எங்கள் குட்டி பார்வோ (குட்டிகளுக்கு வரும் வைரஸ் குடல்நோய்) வந்து இரண்டே நாளில் இறந்துவிட்டது. பிள்ளைகள் வேறு குட்டி கேட்கிறார்கள். எப்போது வாங்கலாம்? (வாசகர், புதுச்சேரி)

மனம் தயாரா என்பதைவிட உங்கள் வீட்டுத் தரை தயாரா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பார்வோ வைரஸ் நிழலான ஈர மண்ணில் ஒரு வருடம் வரைகூடத் தங்கும். ஃபினாயிலையும் டெட்டாலையும் நம்பாதீர்கள். தரையையும் கூண்டையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். மலம், அழுக்கு மிச்சம் இருந்தால் பிளீச் வேலை செய்யாது. பிறகு 5 சதவீத பிளீச் திரவத்தில் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரம் காயாமல் விட்டுக் கழுவுங்கள். அமிலக் கழுவியோடு பிளீச்சைக் கலக்கவே கூடாது, விஷவாயு வரும். படுக்கை, துணிப் பொம்மைகளை எரித்துவிடுங்கள். மண் முற்றத்தைப் பிளீச்சால் சுத்தம் செய்ய முடியாது, வெயில் படும்படி செடிகளை வெட்டிவிடுங்கள்.

பிள்ளைகளிடம் "குட்டி வேண்டுமா" என்று கேட்டால் அன்றே வேண்டும் என்பார்கள். இறந்த குட்டியின் பெயரையே புதியதற்கும் வைக்கச் சொன்னால், இன்னும் நேரம் ஆகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் காத்திருக்க முடியாது என்றால், தடுப்பூசி முழுவதும் முடிந்த, 5 மாதத்துக்கு மேற்பட்ட நாயாக எடுங்கள். குட்டிதான் வேண்டும் என்றால் ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி, பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்று, கடைசி ஊசி 16 வாரம் நிறைந்த பின். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முந்தைய ஊசிகளை வேலை செய்யவிடாமல் தடுக்கக்கூடும் என்பதால் இந்தக் கடைசி ஊசியைத் தவறவிடவே கூடாது. அது போட்டு இரண்டு வாரம் கழியும்வரை முற்றத்து மண்ணில் இறக்காமல், வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.